ஈஆர்பி தரவைக் கிளவுட்டுக்கு அனுப்புமுன் மூலத்திடம் கேட்க வேண்டியவை

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் நிறுவனத்தின் ஈஆர்பி, அதாவது விற்பனை முதல் கணக்கு வரை தொழிலை நடத்தும் மென்பொருள், சொந்த சர்வர் அறையில் ஓடுகிறது. அடியில் ஆரக்கிள் 19சி டேட்டாபேஸ், மொத்தம் 2 டெராபைட். பத்து ஆண்டுகளாகப் பலர் கைவைத்த அமைப்பு. விற்பனை, கையிருப்பு, பொதுப் பேரேடு ஆகிய மூன்றின் தரவையும் ஒரு கிளவுட் தரவுத் தளத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து அறிக்கை எடுக்க வேண்டும் என்கிறது நிர்வாகம். எந்தக் கருவி வாங்கலாம், எவ்வளவு காலம் ஆகும் என்பது உங்கள் கேள்வி.

கருவிக்குக் கடைசியில் வருகிறேன். இந்த வேலையில் சறுக்கிய திட்டங்களில், கருவி மோசமானதால் சறுக்கியதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். ஈஆர்பியில் ஒரு பதிவு மாறியது அல்லது அழிந்தது என்று நமக்கு எது தெரிவிக்கிறது? அப்படித் தெரிவித்ததில் ஒன்றும் விடுபடவில்லை என்று யார் சரிபார்க்கிறார்? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமலே வேலையைத் தொடங்கியிருப்பார்கள். இணைப்பைப் போட்டுத் தரவு ஓடத் தொடங்குவது இரண்டு வாரத்தில் நடந்துவிடும். இரண்டாவது மாதமோ மூன்றாவது மாதமோ கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் இரண்டு தாள்களோடு வருவார். ஈஆர்பி ஒரு தொகை சொல்லும், கிளவுட் அறிக்கை வேறொன்று சொல்லும். அன்றைக்கு உங்களால் காரணம் காட்ட முடியவில்லை என்றால், பிறகு அந்த அறிக்கையை யாரும் திறக்க மாட்டார்கள்.

அதனால் முதல் வேலையாகச் சரிபார்ப்பை எழுதுங்கள். ஒரு டேபிளைக்கூட நகர்த்துவதற்கு முன்னால், கணக்குப் பிரிவில் பொறுப்பான ஒருவரோடு உட்கார்ந்து, அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் எண்கள் எவை என்று கேளுங்கள். மூடிய மாதத்தின் கணக்குவாரியான இருப்பு, ஒரு நாளின் விற்பனைச் சீட்டுகளின் எண்ணிக்கையும் மொத்தத் தொகையும், கிடங்குவாரியான கையிருப்பு. இப்படி ஐந்தாறு போதும். அவற்றை மூலத்தில், அதாவது ஈஆர்பியின் டேட்டாபேஸில், கணக்கிடும் கேள்வியையும் (குவெரி) கிளவுட்டில் கணக்கிடும் கேள்வியையும் எழுதி, தினமும் இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை ஒரு டேபிளில் பதிய வையுங்கள். பதிவுகளின் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடாதீர்கள். எண்ணிக்கை சரியாக இருந்து தொகை தவறாக இருப்பது இந்தத் துறையில் அன்றாடம் நடப்பது: ஒரு பதிவு வந்துவிட்டது, அதற்குப் பிறகு நடந்த திருத்தம் வரவில்லை. எண்ணிக்கை அதைக் காட்டிக்கொடுக்காது, கூட்டுத்தொகை காட்டிக்கொடுக்கும்.

ஒப்பிடும்போது ஒரு கவனம் வேண்டும். மூலம் ஓடிக்கொண்டே இருக்கிறது, கிளவுட் சற்றுப் பின்னால் வருகிறது. இந்த நொடியின் இரண்டு எண்களையும் எடுத்தால் என்றைக்கும் பொருந்தாது. நேற்றைய தேதிக்குரிய பரிவர்த்தனைகள், மூடிய கணக்குக் காலம் என்று அசையாத ஒன்றைப் பிடித்து ஒப்பிடுங்கள். முன்தேதியிட்டுப் போடும் பதிவுகள் உங்கள் அமைப்பில் உண்டு என்றால், கடந்த 45 நாட்களைத் தினமும் மறுபடி ஒப்பிடுவது நல்லது.

இனி மாற்றத்தைக் கண்டுபிடிப்பது. வழிகள் நான்கு: முழு டேபிளையும் ஒவ்வொரு முறையும் எடுப்பது, 'கடைசியாக மாறிய நேரம்' என்ற புலத்தை வைத்து எடுப்பது, டிரிகர் (பதிவு மாறும்போது தானாக ஓடும் சிறு நிரல்) போட்டு எடுப்பது, டேட்டாபேஸ் தன் மாற்றங்களை எழுதிவைக்கும் லாக்கைப் படித்து எடுப்பது.

முழுசாக எடுப்பதைப் பலர் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு லட்சம் பதிவுகள் கொண்ட வாடிக்கையாளர் டேபிளை இரவில் முழுவதும் எடுத்து மாற்றி வைப்பதைப் போல நம்பகமான முறை வேறில்லை. அழிந்ததும் சரியாகிவிடும், விடுபட்டதும் சரியாகிவிடும். உங்கள் 2 டெராபைட்டில் பெரும்பகுதி ஒரு பத்துப் பதினைந்து டேபிள்களில் இருக்கும். மீதி நூற்றுக்கணக்கான டேபிள்கள் சிறியவை. அந்தச் சிறியவற்றுக்கு வேறெதையும் யோசிக்காதீர்கள்.

நேரப் புலத்தை வைத்து எடுப்பதுதான் எல்லோரும் முதலில் கைவைக்கும் முறை. ஆரக்கிள் இ-பிசினஸ் சூட் போன்றவற்றில் ஏறக்குறைய எல்லா டேபிளிலும் 'லாஸ்ட் அப்டேட் டேட்' இருக்கும், அதனால் ஆசையாகவும் இருக்கும். இதில் உள்ள ஓட்டை சத்தமில்லாதது, அதனால் விரிவாகச் சொல்கிறேன். ஒரு பயனர் 10:00:05-க்கு ஒரு சீட்டைத் திருத்துகிறார். அந்த நொடி நேரப் புலத்தில் பதிகிறது. ஆனால் அந்தப் பரிவர்த்தனை கமிட் ஆவது, அதாவது உறுதியாகி மற்றவர் கண்ணுக்குத் தெரிவது, 10:00:40-க்கு. நடுவில் 10:00:30-க்கு நம் வேலை ஓடுகிறது. அது 10:00:25-க்குக் கமிட் ஆன வேறு பதிவுகளைப் பார்க்கிறது, 'இதுவரை எடுத்துவிட்டேன்' என்று 10:00:25-ஐக் குறித்துக்கொள்கிறது. கமிட் ஆகாத அந்தச் சீட்டு அதன் கண்ணுக்குத் தெரியாது. அடுத்த முறை 10:00:25-க்குப் பிறகு மாறியவற்றைக் கேட்கிறது. 10:00:05 என்று முத்திரை குத்தப்பட்ட சீட்டு இனி எப்போதும் வராது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. மாத முடிவில் பெரிய தொகுதி வேலைகள் அரை மணி நேரம் கமிட் செய்யாமல் ஓடும்போது இது ஒரு சீட்டோடு நிற்காது, ஆயிரக்கணக்கில் போகும்.

மருந்து எளிது: குறித்துவைத்த நேரத்திலிருந்து சில மணி நேரம் பின்னுக்குப் போய் மறுபடி எடுங்கள், கிளவுட்டில் முதன்மைச் சாவியை (ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும் புலம்) வைத்து மெர்ஜ் செய்யுங்கள், அதாவது பதிவு இருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் சேருங்கள். ஒரே பதிவு இரண்டு முறை வந்தாலும் விளைவு ஒன்றுதான். எவ்வளவு பின்னுக்கு என்பதை உங்கள் அமைப்பில் மிக நீளமாக ஓடும் பரிவர்த்தனை தீர்மானிக்கும். அதை டிபிஏவிடம் (டேட்டாபேஸ் நிர்வாகி) கேளுங்கள். ஆனால் இரண்டு ஓட்டைகளுக்கு இந்த மருந்து வேலை செய்யாது. அழிக்கப்பட்ட பதிவுக்கு நேரப் புலமே கிடையாது, அது போனது நமக்குத் தெரியாது. இன்னொன்று, ஆதரவுக் குழுவினர் அவசரத்துக்கு நேரடியாக டேட்டாபேஸில் போடும் திருத்தம். அதை எழுதியவர் நேரப் புலத்தையும் மாற்ற நினைவு வைத்திருந்தால் உண்டு. பத்து ஆண்டுப் பழைய அமைப்பு என்கிறீர்கள், அப்படிப்பட்ட திருத்தங்கள் கண்டிப்பாக இருக்கும். அழிப்புக்கு, வாரம் ஒருமுறை சாவிகளை மட்டும் முழுவதும் எடுத்து ஒப்பிடுவது பயன் தரும். சாவிகள் மட்டும் என்பதால் அளவு சிறியது. நேரடித் திருத்தம் சாவியில் தெரியாது, அதற்கு மேலே சொன்ன கூட்டுத்தொகை ஒப்பீடுதான் வழி.

டிரிகரைப் பற்றி ஒரு வரி: நீங்கள் உரிமை கொண்டாட முடியாத ஈஆர்பியின் டேபிள்களில் நீங்களாக டிரிகர் போடாதீர்கள். எஸ்ஏபியின் எஸ்எல்டி போல விற்பனையாளரே ஆதரிக்கும் டிரிகர் முறை என்றால் அது வேறு விஷயம்.

லாக்கைப் படிப்பதுதான் சிடிசி (மாற்றங்களைப் பிடித்தெடுப்பது) என்ற பெயரில் பேசப்படுவது. டேட்டாபேஸ் தன் பாதுகாப்புக்காக ஒவ்வொரு மாற்றத்தையும் லாக்கில் எழுதித்தான் ஆக வேண்டும். அதையே நாமும் படித்துக்கொள்கிறோம். அழிப்பும் வரும், கமிட் ஆன வரிசையிலும் வரும். கோட்பாட்டளவில் இதைவிடச் சிறந்தது இல்லை. நடைமுறையில் டிபிஏவின் முழு ஒத்துழைப்பு இல்லாமல் இதைத் தொடவே கூடாது. ஆரக்கிளில் என்னவெல்லாம் தேவை என்று பாருங்கள். டேட்டாபேஸ் ஆர்கைவ்லாக் முறையில், அதாவது நிரம்பிய லாக்கின் நகலைச் சேமித்து வைக்கும் முறையில், ஓட வேண்டும். சப்ளிமென்டல் லாகிங் இயக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு திருத்தத்துக்கு மாறிய புலங்களும் ரோ-ஐடியும்தான் ரீடோ லாக்கில் (ஆரக்கிளின் மாற்ற லாக்) இருக்கும், முதன்மைச் சாவி இருக்காது, கிளவுட்டில் எந்தப் பதிவைத் திருத்துவது என்றே தெரியாது. நோலாகிங் என்று குறிக்கப்பட்ட டேபிள்களில் நேரடிப் பாதையில் ஏற்றப்படும் தரவு ரீடோவில் முழுமையாக வராது. ஃபோர்ஸ் லாகிங்கை இயக்காவிட்டால் அந்தப் பதிவுகள் உங்களுக்குக் கிடைக்காது. காப்பு எடுக்கும் வேலை, பழைய ஆர்கைவ் லாக்குகளை அழித்துவிடும். உங்கள் கனெக்டர் (லாக்கைப் படித்து அனுப்பும் நிரல்) ஒரு வார இறுதி முழுக்க நின்றுபோய் லாக் இரண்டு நாளில் அழிகிறது என்றால், அந்த இடைவெளியை இட்டு நிரப்ப வழியே இல்லை, முழு லோடுதான். ரீடோ லாக்கைப் படிக்கும் ஆரக்கிள் கருவியான லாக்மைனரில் இருந்த, புதிய லாக்கைத் தானாகத் தொடர்ந்து படிக்கும் 'கன்டினியுவஸ் மைன்' வசதி 19சி பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது என்பதையும் கவனியுங்கள். உங்கள் பதிப்பு அதுவே. அதை நம்பி எழுதப்பட்ட பழைய கனெக்டர் ஏதாவது உங்களிடம் காட்டப்பட்டால், பதிப்பைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

மற்ற டேட்டாபேஸ்களிலும் இப்படியே ஆளுக்கொரு குணம். எஸ்கியூஎல் சர்வரில் சிடிசி டேபிள்களின் துப்புரவு வேலை, மாற்றாவிட்டால் 3 நாளில் பழையதை அழித்துவிடும். மூல டேபிளில் புதிதாகச் சேர்த்த புலமும் தானாக வந்து சேராது. போஸ்ட்கிரெஸ் இதற்கு நேர் எதிர்: ரெப்ளிகேஷன் ஸ்லாட் ஒன்றை உருவாக்கிவிட்டால், நாம் படித்து முடிக்கும்வரை லாக்கை அது அழிக்காது. கேட்க நல்லதாக இருக்கும். நான் பொறுப்பில் இருந்த ஒரு திட்டத்தில், ஈஆர்பிக்குப் பக்கத்தில் ஓடிய கிடங்கு மென்பொருள் போஸ்ட்கிரெஸில் இருந்தது. தொடர் விடுமுறையில் நம் கனெக்டரின் சான்றிதழ் காலாவதியாகி அது நின்றுவிட்டது. ஸ்லாட் மட்டும் காத்துக்கொண்டே இருந்தது. லாக் குவிந்து டிஸ்க் நிரம்பி, டேட்டாபேஸ் எழுத மறுத்து, கிடங்கில் சரக்கு அனுப்புவதே நின்றுபோனது. அறிக்கைக்காகப் போட்ட இணைப்பு, அன்றாடத் தொழிலையே நிறுத்திவிட்டது. அந்த அதிகாலையை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து, கிளவுட் பக்கம் தரவு வருகிறதா என்று பார்க்கும் எச்சரிக்கையோடு, மூலத்தில் எவ்வளவு லாக் தேங்கியிருக்கிறது என்று பார்க்கும் எச்சரிக்கையும் இல்லாமல் எந்த இணைப்பையும் உற்பத்திக்கு விடுவதில்லை. போஸ்ட்கிரெஸ் 13-லிருந்து ஸ்லாட் எவ்வளவு லாக்கைப் பிடித்து வைக்கலாம் என்பதற்கு வரம்பு போட முடிகிறது. அதைப் போட்டுவிடுங்கள். இணைப்பு அறுந்தாலும் தொழில் நிற்காது.

முதல் லோடும் தொடர் மாற்றமும் சேரும் இடத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. பெரிய டேபிளை எடுக்க ஆறு மணி நேரம் ஆகிறது, அந்த ஆறு மணி நேரமும் அது மாறிக்கொண்டே இருக்கிறது. ஆரக்கிளில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எஸ்சிஎன் என்ற ஏறுவரிசை எண் உண்டு. ஒரு எஸ்சிஎன்னைக் குறித்துக்கொண்டு, அந்தக் கணத்தில் டேபிள் இருந்த நிலையை ஃபிளாஷ்பேக் கேள்வியால் எடுங்கள். மாற்றங்களை அந்த எண்ணுக்குச் சற்று முன்பிருந்தே, அதாவது அப்போது கமிட் ஆகாமல் திறந்திருந்த மிகப் பழைய பரிவர்த்தனையின் தொடக்கத்திலிருந்து, படிக்கத் தொடங்குங்கள். இரண்டு முறை வருவது மெர்ஜில் அடங்கிவிடும். ஆனால் மெர்ஜ் செய்யும்போது, வருகிற எஸ்சிஎன் ஏற்கெனவே இருப்பதைவிடப் பெரியதா என்று பார்த்துத்தான் மேலெழுத வேண்டும். பார்க்காவிட்டால் பழைய மதிப்பு புதியதை அழித்துவிடும். ஃபிளாஷ்பேக் நீளமாக ஓடினால் ஓஆர்ஏ-01555 பிழை வரும், பழைய மதிப்புகளை வைத்திருக்கும் அன்டூ இடம் போதவில்லை என்பதே பொருள். டேபிளைக் கணக்குக் காலவாரியாகத் துண்டு துண்டாக எடுத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

இதெல்லாம் டேட்டாபேஸ் மட்டத்துப் பேச்சு. அதற்கு மேலே ஈஆர்பி என்ற மென்பொருள் இருக்கிறது. டேபிளில் இருக்கும் எண்ணுக்கும் திரையில் தெரியும் எண்ணுக்கும் நடுவே அதன் விதிகள் இருக்கின்றன. உங்கள் ஈஆர்பி எது என்று நீங்கள் எழுதவில்லை. எஸ்ஏபி ஈசிசி என்று வைத்துக்கொள்வோம். அதில் கணக்குச் சீட்டின் வரிகளைத் தாங்கும் பிஎஸ்இஜி, ஆரக்கிள் மீது ஓடும்போது தனி டேபிளாக இருக்காது. கிளஸ்டர் டேபிள் என்ற முறையில் ஆர்எஃப்பிஎல்ஜி என்ற டேபிளுக்குள் பைனரியாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். ரீடோ லாக்கைப் படித்தால் கிடைப்பது அர்த்தமில்லாத பைட்டுகள். எஸ்ஏபியின் பயன்பாட்டு அடுக்கு வழியாகத்தான் அதை விரிக்க முடியும்.

தொகைகளில் இதைவிட நுட்பமான ஒன்று இருக்கிறது. எஸ்ஏபி தொகைகளை இரண்டு தசம இடம் கொண்டவை போலச் சேமிக்கிறது. ஜப்பானிய யென்னுக்குத் தசமம் கிடையாது. அதனால் 5,000 யென் டேபிளில் 50.00 என்று இருக்கும். எந்த நாணயத்துக்கு எத்தனை தசமம் என்பது டிசியுஆர்எக்ஸ் என்ற சிறு டேபிளில் இருக்கிறது. அதைப் பார்த்துப் பெருக்காமல் கிளவுட்டில் கூட்டினால், யென் தொகைகள் எல்லாம் நூறில் ஒரு பங்காக வரும். டாலரிலும் யூரோவிலும் சோதித்துப் பார்த்த குழுவுக்கு இது தெரியவே தெரியாது. இணைப்பு சரி, எண்ணிக்கை சரி, வகை சரி, பொருள் மட்டும் தவறு. இதைக் கண்டுபிடிக்க மேலே சொன்ன கணக்குப் பிரிவுக்காரரின் எண்தான் வழி.

எஸ்ஏபி என்றால் உரிமமும் பாருங்கள். 2024-இல் எஸ்ஏபி தன் 3255746 எண் குறிப்பைத் திருத்தி, ஓடிபி என்ற தரவெடுப்பு இடைமுகத்தின் ஆர்எஃப்சி (வெளியிலிருந்து எஸ்ஏபி நிரலைக் கூப்பிடும்) அழைப்புகளை வாடிக்கையாளரின் மென்பொருளோ மூன்றாம் தரப்பு மென்பொருளோ பயன்படுத்த அனுமதி இல்லை என்று தெளிவுபடுத்தியது. அதை நம்பி இருந்த கனெக்டர்கள் பல. விற்பனையாளர் 'எஸ்ஏபிக்கு ஆதரவு உண்டு' என்றால், எந்த இடைமுகம் வழியாக என்று எழுத்தில் வாங்குங்கள். எஸ்ஏபியின் ஹானா டேட்டாபேஸின் ரன்டைம் உரிமத்திலும் நேரடியாக டேட்டாபேஸுக்குள் போய்ப் படிப்பதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு.

ஆரக்கிள் இ-பிசினஸ் சூட் என்றால் கவலை வேறு. 'அட்ரிபியூட் 1' முதல் '15' வரை என்று பெயரிட்ட புலங்களில், உங்கள் நிறுவனம் தனக்கென்று சேர்த்த விவரங்கள் உட்கார்ந்திருக்கும். எதில் என்ன இருக்கிறது என்பது ஃபிளெக்ஸ்ஃபீல்டு வரையறையில் இருக்கிறது. ஒரே புலம் சூழலைப் பொறுத்து வெவ்வேறு பொருளில் இருக்கவும் கூடும். அந்த வரையறைகளையும் தரவோடு சேர்த்துக் கொண்டுபோங்கள். எந்த ஈஆர்பி ஆனாலும், பத்தாண்டு அனுபவமுள்ள பயன்பாட்டு ஆலோசகர் ஒருவரைத் திட்டத்தில் அரை நாள் வேலைக்காவது உட்கார வையுங்கள். கிளவுட் நிபுணர் இருவரைவிட அவர் உங்களுக்கு அதிகம் மிச்சப்படுத்துவார்.

வகைமாற்றத்தில் நான் மறுபடி மறுபடி பார்க்கும் சில. ஆரக்கிளில் நம்பர் என்று மட்டும் போட்டு அளவு குறிப்பிடாத புலங்கள் இருக்கும். கருவி அதை மிதவைப் புள்ளி எண்ணாக மாற்ற முனையும். பணத்தொகையை அப்படி மாற்ற விடாதீர்கள், சதத்தில் தொடங்கும் வித்தியாசம் கூட்டும்போது வளரும். கூகுளின் கிளவுட் தரவுத் தளமான பிக்குவரியின் நியூமரிக் வகை தசமத்துக்குப் பின் 9 இடம்தான் தாங்கும், மாற்று விகிதங்களுக்கு அது போதுமா என்று பாருங்கள். ஆரக்கிளில் வெற்று எழுத்துச்சரமும் 'நல்' (null, மதிப்பே இல்லை என்ற குறி) என்பதும் ஒன்று, கிளவுட் தளங்களில் பெரும்பாலும் வேறு வேறு. முன்னால் பூஜ்யம் வரும் பொருள் குறியீட்டை எண்ணாக மாற்றினால் பூஜ்யம் போய்விடும், பிறகு எந்த இணைப்பும் பொருந்தாது. தேதி இன்னும் மோசம். ஆரக்கிளின் டேட் வகைக்கு நேர மண்டலம் கிடையாது, சர்வர் எந்த ஊர் நேரத்தில் ஓடுகிறதோ அதுதான். முடிவில்லாத செல்லுபடிக்கு 9999-12-31 என்று போடுவது ஈஆர்பிகளின் வழக்கம். நடுவில் ஏதாவது ஒரு நிரல் நேரத்தை நேனோநொடியில் 64 பிட் எண்ணாக வைத்திருந்தால், அதன் எல்லை 2262-ஆம் ஆண்டு ஏப்ரலோடு முடிகிறது. 9999 அதில் அடங்காது. பிழை வந்தால் நல்ல காலம், சில சமயம் சத்தமில்லாமல் வேறொரு தேதியாக மாறிவிடும்.

இதற்காகத்தான் கிளவுட்டில் முதல் அடுக்கில் வந்ததை வந்தபடியே வைக்கச் சொல்வது. எஸ்சிஎன், சேர்ப்பா திருத்தமா அழிப்பா என்ற குறி, மூலத்தில் கமிட் ஆன நேரம், நமக்கு வந்த நேரம் ஆகிய நான்கையும் ஒவ்வொரு பதிவோடும் சேர்த்து, ஒன்றையும் மேலெழுதாமல் அடுக்கிக்கொண்டே போங்கள். பொருள் கொடுக்கும் வேலை, யென் திருத்தம், நேர மண்டலம் எல்லாம் அடுத்த அடுக்கில். விதியில் தவறு கண்டுபிடித்தால் மூலத்தை மறுபடி தொந்தரவு செய்யாமல் அங்கிருந்தே மறுபடி கட்டலாம்.

ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது: தனிநபர் விவரமும் அங்கே நிரந்தரமாகத் தங்கிவிடும். தேவையில்லாத புலத்தை, தரவை எடுத்து அனுப்பும் ஏஜென்டிலேயே தடுத்துவிடுங்கள். சம்பளம், வங்கிக் கணக்கு எண், அடையாள எண் ஆகியவை இந்த மூன்று அறிக்கைக்கும் வேண்டாதவை. அனுப்பிவிட்டுப் பிறகு அழிப்பது நினைப்பதைவிடக் கடினம். ஸ்னோஃப்ளேக் என்ற கிளவுட் தரவுத் தளத்தில் அழித்த தரவு, டைம் டிராவல் என்ற மீட்பு வசதியில், அமைப்பைப் பொறுத்து, 90 நாள் வரை இருக்கலாம். அதற்குப் பிறகும் ஃபெயில்-சேஃப் என்ற காப்பில் 7 நாள் இருக்கும்.

வலையமைப்பில் ஒரே விதி: உள்ளே வரும் வழியைத் திறக்காதீர்கள். டேட்டாபேஸின் 1521 போர்ட்டை இணையத்துக்குக் காட்டச் சொல்லும் எந்த ஆலோசனையையும் ஏற்க வேண்டாம். அஷ்யூரின் செல்ஃப்-ஹோஸ்டட் இன்டகிரேஷன் ரன்டைம், பவர் பிஐயின் கேட்வே, எஸ்ஏபி கிளவுட் கனெக்டர் எல்லாம் ஒரே கொள்கையில் அமைந்தவை: உங்கள் வளாகத்துக்குள் ஒரு ஏஜென்ட் உட்கார்ந்து, தானே வெளியே 443 போர்ட் வழியாக டிஎல்எஸ் (மறையாக்கப்பட்ட) இணைப்பை ஏற்படுத்திக்கொள்கிறது. ஃபயர்வாலில் வெளியே போகும் அனுமதி மட்டும் போதும். ஏஜென்ட்டை டேட்டாபேஸ் சர்வரிலேயே நிறுவாதீர்கள். தனி இயந்திரம் இரண்டு, ஒன்று விழுந்தால் மற்றொன்று. உங்கள் நிறுவனத்தின் பிராக்ஸி டிஎல்எஸ்ஸைப் பிரித்துப் பார்க்கும் வகை என்றால், அதன் சான்றிதழை ஏஜென்ட் நம்பாமல் இணைப்பு அறும். இந்த ஒன்றைப் பாதுகாப்புக் குழுவோடு பேசித் தீர்க்கவே இரண்டு வாரம் போகலாம், முதல் நாளே பேச்சைத் தொடங்குங்கள். டேட்டாபேஸ் பயனர் படிக்க மட்டும் உரிமை உள்ளவராக, குறிப்பிட்ட டேபிள்களுக்கு மட்டும் என்று இருக்கட்டும்.

அளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 டெராபைட்டை 100 எம்பிபிஎஸ் இணைப்பில் அனுப்ப, முழு இணைப்பும் உங்களுக்கே கிடைத்தாலும், சுமார் 44 மணி நேரம். அலுவலகமும் அதே இணைப்பில் வேலை செய்கிறது, பாதிதான் கிடைக்கும் என்றால் நான்கு நாளுக்குச் சற்றுக் குறைவு. பார்கே (Parquet) என்ற கோப்பு வடிவில் சுருக்கி அனுப்பினால் ஈஆர்பி தரவு நன்றாகவே சுருங்கும், ஒரே குறியீடுகள் திரும்பத் திரும்ப வருவதால். தேவையான டேபிள்கள் மட்டும் என்றால் இன்னும் குறையும். உங்கள் அளவுக்குத் தனி வாடகைக் கம்பி தேவைப்படாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தினசரி மாற்றம் சில ஜிகாபைட்தான் இருக்கும், அதற்கு இணையத்தின் வழியே விபிஎன்னும் டிஎல்எஸ்ஸும் போதும்.

எவ்வளவு சீக்கிரம் தரவு வர வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் 'உடனடியாக' என்பார்கள். அதற்குப் பதிலாக, அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் என்ன முடிவெடுப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பேரேட்டுக்கு நாளுக்கு ஒருமுறை போதும். கையிருப்புக்கு மணிக்கொருமுறை தேவைப்படலாம். இது செலவை நேரடியாகத் தொடும். ஸ்னோஃப்ளேக்கில் கணினித் திறன் நொடிக்கணக்கில் கட்டணம், ஆனால் ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் குறைந்தது 60 நொடி. நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று நொடி மெர்ஜ் ஓட்டினால், நாள் முழுவதற்கும் பணம் கட்டுகிறீர்கள். மாற்றங்களைக் கோப்புகளாகச் சேர்த்துக்கொண்டே இருந்து, மெர்ஜை மட்டும் மணிக்கொருமுறை ஓட்டினால் செலவு மிகவும் குறையும், அறிக்கையைப் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

கிளவுட்டிலிருந்து ஈஆர்பிக்குத் திருப்பி எழுதும் யோசனை ஆறு மாதத்தில் வரும். வரும்போது டேபிளில் நேரடியாக எழுத ஒப்புக்கொள்ளாதீர்கள். ஈஆர்பி கொடுக்கும் இடைமுகம் வழியாக மட்டும் எழுதுங்கள், அப்போதுதான் அதன் சரிபார்ப்பு விதிகள் ஓடும்.

இப்போது கருவி. உங்கள் நிலையில் நான் செய்வது இது. சிறிய டேபிள்கள் எல்லாம் இரவில் முழு லோடு, தேர்ந்தெடுத்த கிளவுட்டின் சொந்தத் தொகுதிக் கருவியாலேயே. பேரேடு, நேரப் புலத்தோடு, மூன்று நாள் பின்னுக்குப் போய், வாராந்திரச் சாவி ஒப்பீட்டோடு. கையிருப்பு நகர்வும் விற்பனை வரிகளும் இருக்கும் அந்த ஐந்தாறு பெரிய டேபிள்களுக்கு மட்டும் சிடிசி. அதற்கு ஆரக்கிள் கோல்டன்கேட், கிளிக் ரெப்ளிகேட், ஏடபிள்யூஎஸ் டிஎம்எஸ் போன்றவை இருக்கின்றன. காஃப்கா என்ற செய்தி கடத்தும் அமைப்பை ஓட்டிப் பழகிய இருவர் குழுவில் இருந்தால், அதன் மேல் ஓடும் திறந்த மூல சிடிசி கருவியான டெபீசியம் நல்லது, இல்லாவிட்டால் வேண்டாம். டெபீசியத்தைவிட காஃப்காவைப் பராமரிப்பதுதான் வேலை. டெபீசியத்தை எக்ஸ்ஸ்ட்ரீம் என்ற ஆரக்கிள் இடைமுகம் வழியாக இயக்க நினைத்தால் கோல்டன்கேட் உரிமம் தேவைப்படும், லாக்மைனர் வழிக்குத் தேவையில்லை. பட்டியலில் இருந்து இரண்டைத் தேர்ந்து, உங்கள் ஆரக்கிளின் நகலில் மூன்று சோதனை ஓட்டுங்கள்: கனெக்டரை ஒரு நாள் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவது, மூல டேபிளில் ஒரு புலம் சேர்ப்பது, பத்து லட்சம் பதிவுகளை ஒரே பரிவர்த்தனையில் திருத்துவது. இவற்றில் எது பதறாமல் தப்பிக்கிறதோ அதை வாங்குங்கள்.

காலம்: பேரேட்டை மட்டும் எடுத்துத் தொடங்கினால், பாதுகாப்பு அனுமதியும் சேர்த்து இரண்டு மாதம். அதற்குப் பிறகு இரண்டு மாத முடிவுகள் பழைய அறிக்கையும் புதிய அறிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும். இரண்டு முறையும் கணக்குப் பிரிவுக்காரர் கையெழுத்துப் போட்ட பிறகு கையிருப்புக்குப் போங்கள், பிறகு விற்பனை. நாளைக்கே செய்யக்கூடியது ஒன்றும் உண்டு: ஆர்கைவ் லாக்குகள் எத்தனை நாள் வைக்கப்படுகின்றன, மிக நீளமான பரிவர்த்தனை எவ்வளவு நேரம் ஓடுகிறது என்ற இரண்டு எண்களை டிபிஏவிடம் வாங்கி வையுங்கள்.